துயர் உரைக்கும் மொழி
சிங்கப்பூர் மனநல ஆராய்ச்சிகள் பற்றிய ஒரு திறனாய்வு

உடலில் தோன்றும் நோயை மருத்துவர் கண்ணால் காண்பர், கையால் தொட்டறிவர், கருவியால் அளப்பர். உள்ளத்தில் தோன்றும் நோய்களுள் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய அளவுகோல் இன்றளவும் அமையவில்லை. நோயுற்றவர் தம் வாயால் உரைப்பது, உடன் வாழ்வோர் கண்டு கூறுவது, மருத்துவர் உற்று நோக்கி உணர்வது ஆகிய மூன்றுமே அங்குச் சான்றுகள். இவற்றுள் முதலிரண்டும் சொல்லால் ஆனவை. சொல் பிழைபடின் நோயறிதலும் பிழைபடும்.

ஆதலின், மனநல ஆராய்ச்சி மருத்துவருக்கு மட்டுமே உரியது என்று தமிழறிஞர் ஒதுங்கி நிற்றல் தகாது. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு தொடங்கி, வயது வந்தோரிடத்தும் முதியோரிடத்தும் காணப்படும் மனநோய்களைப் பற்றிப் பேரளவில் ஆராய்ச்சிகள் நடைபெற்றுள்ளன. அவற்றின் முடிவுகள் செய்தித்தாள்களில் எண்களாக வந்தன, எண்களாகவே மறக்கவும்பட்டன. அவ்வெண்கள் எம்மொழியில் கேட்டுப் பெறப்பட்டவை, தமிழர்தம் துயரை எவ்வளவு அளந்தன, எவ்வளவு அளவாது விட்டன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டாங் கெர்பாவ் முதல் புவாங்கோக் வரை

சிங்கப்பூரில் மனநோயாளருக்கென முதல் இல்லம் 1841இல் எழுந்தது. பிராஸ் பசா சாலையும் பென்கூலன் தெருவும் கூடும் மூலையில் முப்பது படுக்கைகளுடன் அமைந்த சிறிய கட்டடம் அது. இருபது ஆண்டுகள் கழித்து அது கண்டாங் கெர்பாவ் வட்டாரத்துக்கு மாற்றப்பட்டது. மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் அவ்விடம், இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் சிராங்கூன் சாலைப் பகுதியை அடுத்துள்ளது. பால்மாடு வளர்த்தும், சுண்ணாம்புச் சூளையில் உழைத்தும், கடை வைத்தும் தமிழர் குடியேறிய நிலத்தின் அருகிலேயே மனநோயாளர் இல்லமும் இருந்தது.

1887இல் அது காலேஜ் ரோட்டுப் பகுதிக்குச் சென்றது. 1928இல் இயோ சூ காங் சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படுக்கைகளுடன் புதிய மருத்துவமனை அமைந்தது. 1951இல் அதற்கு ஊட்பிரிட்ஜ் என்று பெயர் சூட்டினர். அருகிலிருந்த மரப்பாலம் ஒன்றே பெயருக்குக் காரணம். 1993இல் அது புவாங்கோக்கில் இன்றுள்ள இடத்தை அடைந்து மனநலக் கழகம் ஆயிற்று.

இவ்வரலாற்றில் தமிழாசிரியர் கருதத்தக்கது பெயர்களின் வரிசையாகும். முதலில் பித்தர் மருத்துவமனை, பின்னர்ப் பித்தர் புகலிடம், அதன்பின் மனநோய் மருத்துவமனை, பின்னர் ஒரு பாலத்தின் பெயர், முடிவில் மனநலக் கழகம். பழித்தலை அகற்றும் பொருட்டே பெயர்கள் மாற்றப்பட்டன. ஆயினும் மரப்பாலத்தின் பெயரும் நாளடைவில் மக்கள் நாவில் ஏளனச் சொல்லாயிற்று. பெயரை மாற்றுதல் எளிது; பெயர் குறிக்கும் பொருளை மக்கள் அறியுமாறு செய்தலே அரிது. இவ்வுண்மையை நினைவிற் கொண்டு பிற்கால ஆராய்ச்சிகளை நோக்குதல் வேண்டும்.

எண்ணிக் கண்டவை

2010இல் மனநலக் கழகத்தார் நடத்திய சிங்கப்பூர் மனநல ஆய்வு, பதினெட்டு வயதும் அதற்கு மேலும் உடைய 6,616 பேரை வீடு தேடிச் சென்று வினவியது. சோங் சியாவ் ஆன், மைதிலி சுப்பிரமணியம் முதலியோர் இம்முயற்சியின் முன்னணியில் நின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளுக்கும் பொதுவாக வகுத்த நேர்காணல் வினாநிரல் இதற்குப் பயன்பட்டது. ஆய்வில் எடுத்துக்கொள்ளப்பட்ட மனநோய்களுள் ஏதேனும் ஒன்றை வாழ்நாளில் ஒருமுறையேனும் உற்றோர் நூற்றுக்கு 12.0 பேர் என்பது முடிவு. 2016இல் 6,126 பேரிடம் மீண்டும் நடந்த ஆய்வில் அது 13.9 ஆயிற்று. அதாவது எட்டுப் பேரில் ஒருவர் என்றிருந்தது ஏழு பேரில் ஒருவர் என்ற அளவை எட்டியது.

நோய்வகைகளுள் பெருஞ்சோர்வு நோயே முதலிடம் பெற்றது. 2010இல் அது நூற்றுக்கு 5.8, 2016இல் 6.3. மதுவைத் தகாவழியில் பயன்படுத்துதல் 3.1இலிருந்து 4.1 ஆகவும், விடாது எழும் எண்ணமும் செய்ததையே செய்யும் கட்டாயமும் உடைய நோய் 3.0இலிருந்து 3.6 ஆகவும் உயர்ந்தன. பெருஞ்சோர்வுற்றோர் உதவி நாடுவதற்குக் கழியும் காலம் ஐந்தாண்டிலிருந்து ஓராண்டாகக் குறைந்தது நற்செய்தி. கட்டாய எண்ண நோயுடையோர்க்கு அக்காலம் ஒன்பதாண்டிலிருந்து பதினோராண்டாக நீண்டது. மேலும், 2016இல் கண்டறியப்பட்டோருள் முக்கால் பங்கினர்க்கு மேற்பட்டோர் துறைவல்லாரின் உதவியை நாடவே இல்லை.

இவ்வாராய்ச்சிகளின் சிறப்பு ஒன்றைப் போற்றுதல் கடமை. மக்கள்தொகை விழுக்காட்டின்படி ஆட்களைத் தெரிந்திருந்தால் சிறுபான்மையினர் மிகச் சிலரே இடம்பெற்றிருப்பர். அவர்களைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. ஆகவே சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவகையினரும் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதின்மர் வீதம் இருக்குமாறு தெரிந்தெடுத்துப் பின்னர்க் கணக்கியல் முறையால் மக்கள்தொகைக்கு ஏற்ப எண்களைச் சீர்செய்தனர். சிறுபான்மையினர் குரல் கேட்கப்பட வேண்டும் என்னும் நேர்மை இதில் உண்டு.

விடுபட்ட மொழி

நேர்மையோடு தொடங்கிய இம்முறை ஓரிடத்தில் இடறிற்று. இவ்விரண்டு ஆய்வுகளின் நேர்காணல்களும் ஆங்கிலம், சீனம், மலாய் என்னும் மூன்று மொழிகளில் மட்டுமே நடந்தன. நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகிய தமிழ் இல்லை. இந்தியர் மூன்றில் ஒரு பங்காக வரவழைக்கப்பட்டனர்; ஆயினும் அவருள் பெரும்பான்மையோரின் முன்னோர் மொழியில் வினா கேட்கப்படவில்லை.

இதற்கு விடை கூறுவோர், சிங்கப்பூர் இந்தியருள் பெரும்பாலோர் ஆங்கிலம் அறிவர், முதியோர் பலர் மலாயும் பேசுவர் என்பர். அவ்விடையில் உண்மை இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேரே, 2010இல் அது இதனினும் மிகுதியாக இருந்தது. ஆனால், விடுபட்டவர் எத்துணைப் பேர் என்பதோடு அவர் யாவர் என்றும் கேட்டல் வேண்டும். ஆங்கிலமும் மலாயும் அறியாத தமிழர் எத்தகையோராக இருத்தல் கூடும்? பள்ளி செல்லும் வாய்ப்பைப் பெறாத மூதாட்டியர், மணமாகித் தமிழகத்திலிருந்து வந்து வீட்டளவில் வாழ்ந்த மகளிர், பிள்ளைகளோடு இருக்க வந்து நிரந்தரவாசம் பெற்ற பெற்றோர். தனிமையும் சார்ந்து வாழும் நிலையும் மிகுந்த இத்தகையோரே மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாகக் கூடியவர்கள். எவரிடம் நோய் மிகுதியாக இருத்தல் கூடுமோ அவரையே விட்டுவிட்டு எடுக்கும் அளவு, குறைவாகக் காட்டும் அளவாகவே அமையும்.

ஆங்கிலம் அறிந்தவர்க்கும் சிக்கல் உண்டு. அலுவலகத்தில் ஒருமொழியும் அழும்பொழுது வேறுமொழியும் பேசுவோர் சிங்கப்பூரில் பலர். பொதுவினாவில் துயரம், வெறுமை, ஊக்கக்குறைவு என்பனவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை கூறுதல் அவர்க்கு இயலும். தம் அம்மாவிடம் பேசுவதுபோல் ‘மனசே சரியில்லை’ என்று சொல்லத் தொடங்கினால் வெளிப்படும் செய்தி, அந்த ‘ஆம், இல்லை’ விடையில் அகப்படுவது ஐயமே.

வேறொரு கூட்டத்தாரும் இவ்வெண்களில் இல்லை. ஆய்வுகள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையுமே எடுத்துக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் சிராங்கூன் சாலையிலும் திரளும் தமிழகத் தொழிலாளர் இக்கணக்குக்குப் புறம்பானவர். ஆய்வின் எல்லையை வகுப்பது ஆய்வாளர் உரிமை, அது குற்றமாகாது. ஆயின், சிங்கப்பூரில் தமிழர் மனநிலை இத்தகையது என்று அவ்வெண்களைக் கொண்டு எவரேனும் பொதுப்பட உரைப்பாராயின், லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமையை அவர் மறந்தவராவர்.

தமிழில் கேட்டபொழுது

அறுபது வயதும் அதற்கு மேலும் உடைய முதியோரை நோக்கி 2013இல் நடந்த நல்வாழ்வு ஆய்வு, இக்குறையை நீக்கியது. அதில் 2,565 முதியோர் இடம்பெற்றனர். ஆங்கிலம், சீனம், மலாய் என்பவற்றோடு தமிழிலும், ஹொக்கியன், காண்டனீஸ், தியோச்சூ ஆகிய சீனக் கிளைமொழிகளிலும் நேர்காணல்கள் நடந்தன. முதியவர் எம்மொழியில் வாழ்கிறாரோ அம்மொழியிலேயே கேட்க வேண்டும் என்னும் கொள்கை இங்கு வென்றது.

முடிவு யாது? மனச்சோர்வு நோயுடைய முதியோர் நூற்றுக்கு 3.7 பேர், நோயெனும் அளவை எட்டாத சோர்வுடையோர் 13.4 பேர். இவ்வளவில் கவலைக்கிடமாக எதுவும் தோன்றாது. ஆனால் இனவாரியாகப் பிரித்து நோக்கியபொழுது, சீன முதியோரை ஒப்பிட மலாய் முதியோரிடத்து இந்நோய்க்கான வாய்ப்பு விகிதம் 3.2 மடங்கு, இந்திய முதியோரிடத்து 5.2 மடங்கு.

இவ்வெண்ணைப் பொருளுணர்ந்து படித்தல் வேண்டும். முதலாவது, வாய்ப்பு விகிதம் என்பது நோயுற்றோர்க்கும் உறாதோர்க்கும் உள்ள விகிதத்தை மற்றோர் இனத்தின் விகிதத்தோடு ஒப்பிடுவது. நோயாளரின் தொகை ஐந்து மடங்கு என்பதற்கு அது முற்றிலும் நிகர் அன்று. இரண்டாவது, இந்தியர் என்னும் பிரிவில் மலையாளிகளும் பஞ்சாபியரும் பிறரும் அடங்குவர். அது தமிழர் என்பதற்கு மறுசொல் அன்று. மூன்றாவது, முழுத்தொகையில் நோயுடையோர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. ஆகவே இந்திய முதியோரெல்லாம் சோர்வுற்றவர் என்று கொள்ளுதல் பெரும் பிழை.

இவ்வளவு காப்புரையும் கூறிய பின்னரும் 5.2 என்னும் எண் எளிதில் அகலுவதாக இல்லை. அதற்கு இருவகையாகக் காரணம் கூறலாம். இந்திய முதியோரின் வாழ்க்கையில் உண்மையாகவே துயர் மிகுதி என்பது ஒன்று. அவர்கள் துயரை உரைக்கும் முறை வேறு; அதனால் அளவுகோல் அவர்களிடத்து மிகுதியாக அசைகிறது என்பது மற்றொன்று. எது உண்மை, அல்லது இரண்டும் எவ்வளவு கலந்துள்ளன என்பதை மருத்துவர் மட்டும் தீர்த்தல் இயலாது. இங்கேதான் மொழியறிவு துணைக்கு வருதல் வேண்டும்.

மெய்ப்பாடும் மருத்துவமும்

முதியோரின் சோர்வை அளக்கும் வினாக்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வகையின. துயரம், எதிர்காலத்தில் நம்பிக்கையின்மை, சாவை விரும்புதல், குற்றவுணர்வு, உறக்கமின்மை, ஈடுபாடு குறைதல், எரிச்சல், பசியின்மை, களைப்பு, மனம் ஒன்றாமை, மகிழ்ச்சியின்மை, அழுகை என்பன அவை. இவற்றுள் இரண்டைத் தமிழ் வழக்கோடு பொருத்திப் பார்ப்போர்க்குச் சிக்கல் விளங்கும்.

சாவை விரும்புதல் ஒன்று. எழுபது கடந்த தமிழ் மூதாட்டி ஒருவர், பேரப்பிள்ளைகள் சூழ அமர்ந்து சிரித்துக்கொண்டே, “போதும்பா, நல்லபடியா போய்ச் சேர்ந்தாச் சரி” என்று கூறுவது அன்றாட வழக்கு. அது நிறைவின் மொழி. அதே சொற்களை, உண்ணாமல் உறங்காமல் சுவரைப் பார்த்துக் கிடக்கும் மற்றொரு மூதாட்டி கூறின் அது அபாயத்தின் மொழி. தாளில் இரண்டும் ஒரே விடையாகப் பதியலாம். முன்னதை நோயாகக் கொள்வது பிழை; பின்னதை ‘வயதானவர் பேச்சு’ என்று தள்ளுவது அதனினும் பெரும் பிழை. எத்தனை நாளாக இவ்வெண்ணம், எவ்வளவு அடிக்கடி, உணவும் உறக்கமும் எப்படி என்று தொடர்ந்து வினவித் தெளிவோரே இவ்விரண்டையும் பிரித்தறிவர்.

குற்றவுணர்வு மற்றொன்று. தாம் செய்த தவற்றை எண்ணித் தம்மையே நோதல் என்பது அவ்வினாவின் பொருள். தமிழ் முதியவர் தம் துன்பத்துக்கு வினைப்பயன் என்றோ தலையெழுத்து என்றோ காரணம் காட்டுவர். வினைப்பயன் என்பதில் தன்னை நோதலும் உண்டு. தன்னை விடுவித்துக்கொள்ளும் ஆறுதலும் உண்டு. அதனைக் குற்றவுணர்வின் கீழ் அடக்குவதா, அடக்காது விடுவதா? வினாவை மொழிபெயர்த்தவர் இதனைத் தெளிவாக்காவிடின் கேட்பவர் தம் மனம்போல் பதிவர்.

தலைவலி, நெஞ்சடைப்பு, உடல் எரிச்சல், கைகால் அசதி என்று உள்ளத்துயரை உடல்வழி உரைக்கும் வழக்கத்தை மேலைநாட்டு உளமருத்துவர் நெடுங்காலம் கீழைநாட்டாரின் தனிப்பண்பாகக் கருதினர். அதனைக் குறைபாடாக எண்ணியவரும் உளர். தமிழிலக்கண மரபு இப்பிரிவினையை ஏற்பதன்று. உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுதலையே தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு ஒரு தனி இயலில் வகுத்தது. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு அந்நூல் கூறும் நிலைக்களன்கள் நான்கு. பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உரியதையோ இழத்தல், பண்டைய நிலையினின்று தாழ்தல், வறுமையுறுதல் என்று அவற்றை விளக்கலாம்.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு இலக்கணம். மருத்துவ நூல் அன்று. அதில் இன்றைய நோயியலைத் தேடிக் கண்டதாகப் பெருமை பேசுதல் ஆராய்ச்சி ஆகாது. ஆயினும், அந்நான்கினையும் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரின் வாழ்வோடு வைத்து எண்ணுதல் பயன் தரும். துணையை இழத்தல், வேலையும் அதனால் வந்த மதிப்பும் நீங்குதல், பிள்ளைகள் கையை எதிர்நோக்குதல், வீட்டில் தம் சொல் ஏறாமை. இவையே அவர்தம் துயரின் வாயில்கள். எனவே, “நீங்கள் துயரமாக உள்ளீர்களா?” என்று நேரே கேட்டால் “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று மறுப்பவர், இவ்வாயில்களின் வழியே கேட்டால் மனம் திறத்தல் கூடும். தமிழகத்தில் மதுரையை அடுத்த பகுதியில் அ. வேங்கோபராவும் அவர்தம் துணைவரும் முதியோரிடையே நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வு, ஆயிரவருக்கு அறுபதின்மர் என்ற அளவில் மனச்சோர்வு இருந்ததாகக் கண்டது. தமிழ் முதியோரின் சோர்வு தமிழ்நிலத்திலேயே ஆராயப்பெற்ற பொருள்தான் என்பதை இது காட்டும்.

மறதிக்கு இரு அளவுகோல்கள்

சொல்லின் பிழை சோர்வோடு நிற்பதன்று. முதுமை மறதி நோயிலும் அது தோன்றுகிறது. 2013ஆம் ஆண்டு ஆய்வு, அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் நான்காம் பதிப்பு வகுத்த விதியால் அளந்தபொழுது மறதி நோயுடைய முதியோர் நூற்றுக்கு 4.6 பேர். பத்தின்கீழ் அறுபத்தாறு எனப் பெயர்பெற்ற பன்னாட்டுக் குழுவின் விதியால் அளந்தபொழுது 10.0 பேர். ஆட்கள் அவரே, அளவுகோல் மாறியதும் தொகை இரட்டித்தது.

அக்குழுவின் பெயரே ஒரு திறனாய்வு. மறதி நோயுடையோருள் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் வளரும் நாடுகளில் வாழ, அந்நோய் பற்றிய மக்கள்வழி ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே அந்நாடுகளில் நடந்தது என்னும் முறையீட்டை அப்பெயர் தாங்கியுள்ளது. 1998இல் கொச்சியில் தோன்றிய அக்குழுவின் களங்களுள் சென்னையும் வேலூர்ப் புறத்துச் சிற்றூர்களும் அடங்கும். 2008இல் வெளிவந்த அதன் முடிவுகளில், அமெரிக்கக் கையேட்டின் விதிப்படி இந்தியச் சிற்றூர்க் களத்தில் மறதி நோய் நூற்றுக்கு 0.3 மட்டுமே, கியூபாவிலோ 6.3. குழுவின் சொந்த விதிப்படி நோக்கினால் எல்லா நாட்டுக் களங்களும் 5.6க்கும் 11.7க்கும் இடையே அமைந்தன.

வேலூர்ச் சிற்றூர் முதியோர் மறதியை வென்றவர்களா? அல்லர். அமெரிக்க விதி, மறதியால் அன்றாட வாழ்வு கெட்டுள்ளதா என்று வினவுகிறது. அதற்கு விடை சொல்பவர் வீட்டார். மருமகள் சமைக்கிறாள்; மகன் கடைக்குச் செல்கிறான்; தாத்தாவுக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமில்லை. ஆகவே “அவருக்கு என்ன குறை? வயசானா மறதி வரத்தானே செய்யும்” என்று விடை வருகிறது. பரிவே நோயை மறைத்துவிடுகிறது. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளிலும் பணிப்பெண் துணையோடு வாழும் முதியவர்க்கு இதே நிலை ஏற்படலாம். பள்ளிப் படிப்பில்லாதவரை எழுத்தாலும் கணக்காலும் சோதித்து மறதியாளர் எனக் கூறும் தவறும் உண்டு. பன்னாட்டுக் குழுவின் முறை, பாலம் என்பது யாது, சுத்தியலால் என்ன செய்வர் என்பன போன்று எழுத்தறியாதாரும் விடைகூறும் வினாக்களைக் கேட்டு, வீட்டார் கூற்றையும் சேர்த்து நிறுத்துப் பார்ப்பது. இரு தவறுகளையும் தவிர்க்க முயலும் அம்முறையைச் சிங்கப்பூர் மேற்கொண்டது பாராட்டுக்குரியது.

2023ஆம் ஆண்டு ஆய்வின்படி மறதி நோயின் அளவு 8.8 ஆகக் குறைந்தது. நோயிருந்தும் கண்டறியப்படாது சிகிச்சையின்றி இருந்தோரின் விழுக்காடு 70.6இலிருந்து 51.5 ஆக இறங்கியது. முன்னேற்றம் உண்மையே. ஆயினும் இருவரில் ஒருவர் இன்னும் அறியப்படாதவர் என்பதும் உண்மை.

சொற்களின் குறை

வினாநிரலை மொழிபெயர்ப்போர் பின்பற்றும் முறை ஒன்றுண்டு. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவர், வேறொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்குவர், இரண்டு ஆங்கிலமும் ஒத்திருந்தால் மொழிபெயர்ப்புச் சரி என்பர். இம்முறை சொற்பொருளைக் காக்கும். சொல்லின் எடையைக் காக்காது. “தாங்கள் அண்மையில் துயருற்றிருந்தீர்களா?” என்பதும் “கொஞ்ச நாளா மனசு சங்கடமா இருக்கா அம்மா?” என்பதும் திரும்ப ஆங்கிலமாகும்போது ஒன்றே. (இவை எவ்வாய்வின் வினாக்களும் அல்ல, வேறுபாட்டைக் காட்டவே இங்குக் கூறப்பட்டன.) முதல் வினா மேடையிலிருந்து வருவது; இரண்டாவது அருகில் அமர்ந்து கேட்பது. சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வி 2005ஆம் ஆண்டு மறுஆய்வுக்குப் பின் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தந்தது. வகுப்பறையில் ஏற்ற உண்மையை மருத்துவமனையில் மறுத்தல் பொருந்துமா?

கலைச்சொற்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மன அழுத்தம் என்னும் சொல்லை வேலைப்பளுவால் வரும் இறுக்கத்துக்கும் வழங்குகின்றனர். பெருஞ்சோர்வு நோய்க்கும் வழங்குகின்றனர். முன்னது விடுமுறையால் தீரலாம், பின்னது இரு வாரங்களுக்கு மேலும் நீடித்து, உணவு, உறக்கம், ஆர்வம் அனைத்தையும் குலைப்பது, மருத்துவம் வேண்டுவது. ஒரு சொல் இரண்டையும் சுமப்பதால், “எல்லாருக்கும் உள்ள அழுத்தம்தானே” என்று நோயாளியைத் தேற்றி அனுப்பும் கேடு விளைகிறது. இறுக்கத்துக்கு மன அழுத்தம், நோய்க்கு மனச்சோர்வு நோய் என வரையறுத்து வழங்குதல் நலம். முதுமை மறதி என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. சாவியை வைத்த இடம் மறத்தல் முதுமையின் இயல்பு. சாவி எதற்கென்று மறத்தல் நோய். மறதி என்னும் சொல்லோடு நோய் என்பதையும் சேர்த்து, முதுமை மறதி நோய் என்றே முழுமையாக வழங்கினாலன்றி இவ்வேறுபாடு மக்கள் உள்ளத்தில் பதியாது.

மக்கள் இந்நோய்களை எவ்வளவு அறிவர் என்பதையும் மனநலக் கழகம் ஆராய்ந்துள்ளது. 3,006 பேரிடம் நோயாளர் ஒருவரின் நிலையைக் கதைபோல் கூறி நோய் யாதெனக் கேட்டபொழுது, முதுமை மறதி நோயைச் சரியாகக் கூறியோர் நூற்றுக்கு 66.3, மனச்சோர்வு நோயை 55.2, மனச்சிதைவு நோயை 11.5 மட்டுமே. பெயரறியா நோய்க்கு மருந்து தேடுவோர் யார்?

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் விளங்குவன மூன்று. வயது வந்தோர் ஆய்வுகள் தமிழை விட்டமையால் அவற்றின் எண்கள் தமிழரைப் பொறுத்தவரை நிறைவுடையன அல்ல. முதியோர் ஆய்வு தமிழைச் சேர்த்தது. இந்திய முதியோரின் சோர்வு பற்றி அது தந்த செய்தி சமூகம் செவிசாய்க்க வேண்டியது. தமிழில் கேட்டல் தொடங்கியுள்ளதே அன்றி, செம்மையாகக் கேட்டல் இன்னும் நிறைவேறவில்லை.

அடுத்து நடக்கும் வயது வந்தோர் ஆய்வில் தமிழ் நான்காம் மொழியாக இடம்பெறுதல் வேண்டும். வினாக்களை வகுக்கும் குழுவில் மருத்துவரோடு தமிழாசிரியர் ஒருவரும், சிராங்கூன் சாலையில் முதியோரோடு நாள்தோறும் பழகும் தொண்டர் ஒருவரும் அமர்தல் வேண்டும். தமிழாசிரியர் தம் பங்குக்கு, கலைச்சொற்களை வரையறுத்து வகுப்பறையிலும் இதழ்களிலும் ஒருபடித்தாக வழங்குதல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை, மனமே தேவை.

தேக்காச் சந்தையருகே காலைவேளையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம், “நல்லா இருக்கீங்களா ஐயா?” என்று கேட்போர் பலர். “இருக்கேன்” என்பது அவர் விடை. நலமாக என்பதை அவர் சொல்லாது விட்டாரா, சொல்ல மறந்தாரா என்று நின்று கேட்பவர் சிலரே. ஆராய்ச்சி என்பது அச்சிலரின் செயலை நாடளவில் செய்வது. அதனை அவர் மொழியிலேயே செய்தால், விடையின் எஞ்சிய பாதியும் கிடைக்கும்.